வண்டி ஏற்றும் வண்டி



மோட்டார் சைக்கிள் ஆளைச் சுமக்கிறது. பால் கேனைச் சுமக்கிறது. தீவன மூட்டையையும் சுமக்கிறது. அது நடுவழியில் நின்றுவிட்டால் அதை யார் சுமப்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

ஹரியானா மாநிலத்தில் மண்டி ஊர்கள் நிறைய உண்டு. கோதுமையும் கடுகும் விலைபோகும் சந்தையை அங்கே மண்டி என்பார்கள். மண்டிக்குப் போகும் சாலையோரம் மெக்கானிக் கடைகள் இருக்கும். சுற்றுக் கிராமங்களில் எங்கே வண்டி நின்றாலும் இந்தக் கடைகளுக்குத்தான் வந்து சேர வேண்டும்.

எப்படி வந்து சேர்கிறது? சிலர் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். இன்னும் சிலர் வேறு விதமாகச் செய்கிறார்கள். பின்னால் வருபவர் தன் வண்டியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டுவார். முன்னால் உள்ள பழுதான வண்டியின் கால்மிதியில் பாதத்தை வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். இந்தியாவில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் இல்லை. கால் வழுக்கினால் இரண்டு பேரும் விழுவார்கள். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஒரு மெக்கானிக்கை நினைத்துப் பாருங்கள். அவரிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் மாட்ட ஒரு சின்ன டிரெய்லர் இருந்தால், ஒரே நடையில் இரண்டு மோட்டார் சைக்கிளை ஏற்றி வரலாம். புது டிரெய்லர் வாங்கப் பணம் இல்லை. பழைய இரும்பை வைத்துப் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரும்பை வெட்டுவதற்கு முன்னால் அவர் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். டிரெய்லரில் எஞ்சின் இல்லை, அதற்கு எதற்குப் பதிவு என்று பலர் கேட்பார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும். அந்த எண்ணை டிரெய்லரின் பக்கவாட்டில் எழுத வேண்டும். இழுக்கும் ஜீப்பின் எண்ணையும் டிரெய்லரில் எழுத வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் டிரெய்லரைச் சேர்க்க வேண்டும்.

வட மாநிலங்களில் ஜுகாட் என்ற வண்டி ஓடுவதைப் பலர் அறிவார்கள். தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் பூட்டி, பழைய ஜீப்பின் சக்கரங்களை மாட்டிச் செய்த வண்டி அது. ஏழைகளின் அறிவில் பிறந்த வண்டி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு எண் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. பலவற்றில் சரியான பிரேக்கும் இல்லை. விபத்தில் அடிபட்டவர்கள் யாரிடம் நஷ்டஈடு கேட்பது? 2013-இல் உச்ச நீதிமன்றம் இதை விசாரித்தது. ஜுகாட்டும் மோட்டார் வாகனமே, சட்டப்படி பதிவும் இன்சூரன்சும் இல்லாமல் அது சாலையில் ஓடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

ஆகவே மெக்கானிக் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "பட்டறையில் செய்த டிரெய்லரைப் பதிவு செய்வீர்களா? அதற்கு என்ன சான்று வேண்டும்?" பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. முடியாது என்று சொல்லிவிட்டால், அங்கீகாரம் பெற்றவர்கள் செய்த டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்குவதே வழி. இரும்பு வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால் பணம் வீண்.

அனுமதி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி அளவு. ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி மோட்டார் சைக்கிள் சுமார் ஆறரை அடி நீளம், 110 கிலோ எடை இருக்கும். புல்லட் என்றால் சுமார் 190 கிலோ. இரண்டு சின்ன வண்டிகள் நிற்க 7 அடி நீளமும் 5 அடி அகலமும் போதும். இரண்டு ஹேண்டில்களும் இடிக்காமல் இருக்க ஒன்றை அரை அடி முன்தள்ளி நிறுத்தலாம்.

முழுவதும் தகடு போட்டு மூட வேண்டியதில்லை. டயர் உட்காரும் அளவுக்கு 5 அங்குல அகலத்தில் சேனல் இரும்பு இரண்டு வரிசை போதும். இங்கே பணமும் மிச்சம், எடையும் மிச்சம். சேனலை வெல்டு வைக்காமல் போல்ட் போட்டு மாட்டினால், ஒரே வண்டி ஏற்றும் நாளில் நடுவில் மாற்றிக்கொள்ளலாம். முன் சக்கரம் முட்டி நிற்க ஒரு கவட்டை வேண்டும். ஏற்றி இறக்க ஒரு நீளப் பலகை வேண்டும். சட்டத்துக்குத் துருப்பிடிக்காத பழைய ஆங்கிள் இரும்பு போதும். வண்ணம் அவரே அடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அச்சை எங்கே வைப்பது? இதை மெக்கானிக்கைவிட வண்டியோட்டும் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். ஹரியானாவில் எருமைக்கடா இழுக்கும் டயர் வண்டிக்கு ஜோட்டா புக்கி என்று பெயர். இரண்டே சக்கரம். பெரியப்பா வயதுள்ளவரை அங்கே தாவூ என்று அழைப்பார்கள்.

"தாவூ, அச்சைச் சரியாக நடுவில் வைத்துவிடட்டுமா?" என்று மெக்கானிக் கேட்டால், புக்கி ஓட்டும் தாவூ என்ன சொல்வார்?

"மகனே, பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். கடாவின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் கழுத்து நசுங்கும். கொஞ்சம் முன்பாரம் வேண்டும். அதற்குத் தகுந்த மாதிரி வை" என்பார்.

டிரெய்லருக்கும் இதே கணக்குதான். பின்பாரம் ஏறினால் டிரெய்லரின் மூக்கு ஜீப்பின் பின்புறத்தை மேலே தூக்கும். ஜீப்பின் பின் சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறையும். வேகம் கூடக் கூட டிரெய்லர் நாய் வாலைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் பெரிதானால் ஜீப்பையே புரட்டிவிடும். சாலையோரம் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும் பிள்ளைகளுக்கு அப்போது ஒதுங்கக்கூட நேரம் இருக்காது.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். ஏழில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கணக்கைப் பாருங்கள். டிரெய்லர் 180 கிலோ. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் 220 கிலோ. மொத்தம் 400 கிலோ. பத்தில் ஒரு பங்கு 40 கிலோ. ஏழில் ஒரு பங்கு சுமார் 57 கிலோ. ஆகவே கொக்கியில் 40 முதல் 57 கிலோ வரை இருக்கலாம். 7 அடித் தட்டில் அச்சுக்கு முன்னால் நாலடி, பின்னால் மூன்றடி என்று வைத்துத் தொடங்கினால் ஏறக்குறைய சரியாக வரும்.

ஏறக்குறைய என்பது போதாது. எடை போட்டே பார்க்க வேண்டும். மண்டியில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறது. வண்டிகளை ஏற்றிக் கட்டிய பிறகு டிரெய்லரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். மூக்கை மட்டும் தராசின் மேல் ஒரு கட்டையில், ஜீப் கொக்கியின் உயரத்துக்கு வைக்க வேண்டும். முள் 20 கிலோ காட்டினால் கவட்டையை முன்னால் நகர்த்தி, வண்டிகளைச் சற்று முன்தள்ளிக் கட்ட வேண்டும். 80 காட்டினால் பின்னால் தள்ள வேண்டும்.

சக்கரம், பட்டை ஸ்பிரிங், அச்சு ஆகியவற்றைப் பழைய பொருள் சந்தையில் வாங்கலாம். டெல்லியில் மாயாபுரி இதற்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். மாருதி 800 காரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதன் 12 அங்குலச் சக்கரம் இந்தச் சுமைக்குப் போதும். சக்கரத்தைப் பழையதாக வாங்கலாம். பேரிங்கை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும். பேரிங் இறுகிப்போனால் ஓடும்போதே சக்கரம் கழன்று தனியாக ஓடும்.

பழைய டயர் வாங்குகிறவருக்கு எழுத்தறிவு நன்றாக உதவும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் அது. கடைக்காரர் "புதுசு மாதிரி" என்று சொன்னாலும் எண் உண்மையைச் சொல்லிவிடும். பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எது வாங்கினாலும் ரசீது கேளுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று நாளைக்குப் போலீஸ் வந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் காப்பாற்றும்.

வெல்டிங் வேலைக்கு நல்ல கை வேண்டும். இங்கே கூலியைக் குறைக்கக் கூடாது. மெக்கானிக்கே செய்வதானால் முகமூடிக் கண்ணாடி இல்லாமல் ஒரு பொட்டுகூட வைக்கக் கூடாது. நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை வெல்டு வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு அன்று இரவே குளிர் காய்ச்சல் வரும். அந்தக் குழாயைத் தவிர்ப்பதே நல்லது.

கொக்கியைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். அது ஜீப்பின் சேசிஸ் சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டியதாக இருக்க வேண்டும். பம்பரில் மாட்டக் கூடாது. பம்பர் இழுப்பதற்காகச் செய்ததல்ல. கொக்கியில் போடும் பின் தானாக எகிறாமல் இருக்க அதற்கு ஒரு பூட்டுக் கிளிப் வேண்டும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படித்தான் இதுவும். ஆணிக்குப் பதிலாகக் கம்பியை முறுக்கி விடுவது பலருக்கும் பழக்கம். குழியில் விழுந்து எழும்போது கம்பி நிமிர்ந்துவிடும்.

கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடாதபடி இரண்டு சங்கிலிகள் வேண்டும். மூக்குக்கு அடியில் அவற்றைப் பெருக்கல் குறி போல் குறுக்காக மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால், கழன்று விழும் மூக்கைச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். அது தார்ச் சாலையில் குத்தாது. திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும், தரையில் உரசும் அளவுக்குக் கூடாது.

பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள், பிரேக் விளக்குகள், திரும்பும் விளக்குகள் வேண்டும். குளிர்காலத்தில் ஹரியானாவில் பத்தடிக்கு அப்பால் தெரியாத மூடுபனி விழும். ஒளிரும் பட்டைகளைப் பின்புறத்திலும் பக்கங்களிலும் ஒட்டியே ஆக வேண்டும்.

இனி ஏற்றுவது. சைடு ஸ்டாண்டிலோ நடு ஸ்டாண்டிலோ நிறுத்திக் கட்டக் கூடாது. குலுக்கலில் ஸ்டாண்டு மடங்கும். வண்டி தன் இரு சக்கரத்தில் நேராக நிற்க வேண்டும். முன் ஃபோர்க்கின் தடித்த பகுதியிலிருந்து இரு பக்கமும் முன்னோக்கிப் பட்டை போட்டு, ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கும்வரை இறுக்க வேண்டும். பின்புறமும் அதேபோல் இரண்டு. ஹேண்டில் பிடியில் கட்டினால் ரப்பர் உருவிக்கொண்டு வந்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் குழாயை மூட வேண்டும். வண்டிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் டிரெய்லரில் அவரை ஏற்றக் கூடாது. அவர் ஜீப்பில் உட்காரட்டும்.

இந்த டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. ஜீப்பின் பிரேக் இரண்டையும் நிறுத்த வேண்டும். அதனால் முன் வண்டிக்கும் ஜீப்புக்கும் இடையே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் போதும். வால் ஆடுவது போல் தெரிந்தால் சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கக் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும்.

ரிவர்ஸ் எடுப்பதைக் காலி மைதானத்தில் பழக வேண்டும். புதியவர் இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் தீரும். கை போகும் பக்கமே டிரெய்லரும் போகும்.

முதல் நடையில் ஐந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்த வேண்டும். பட்டைகள் கண்டிப்பாகக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மீண்டும் இறுக்க வேண்டும். கொக்கிப் பின், கிளிப், சங்கிலி மூன்றையும் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு சக்கரக் குடங்களிலும் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் புறப்படலாம். கையை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா, நட்டு அதிகம் இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.