தோகாவில் நடந்த இறுதியாட்டம்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

தமிழ்ச் சங்கத்து மேடையில் கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். குறளையும் சிலம்பையும் பற்றிப் பேசப் புலவர் பெருமக்கள் நமக்குப் பின்னே வரவிருக்கின்றனர். அவர்கள் பணியில் நாம் தலையிடவில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம். நம் காலனியில் குறள் நூல் இல்லாத வீடு உண்டு. பந்து வந்து மோதாத சுவர் இல்லை.

மூணாற்றுக்குக் கால்பந்து புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய பின்லே கேடயப் போட்டியில் தோட்டமும் தோட்டமும் மோதுவதை நம் பாட்டன்மார் கண்டனர்; நாமும் காண்கிறோம். பின்லே கம்பெனி போய் டாடா வந்தது. 2005இல் தொழிலாளரும் பங்குதாரராகிய கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. உடைமையாளர் பெயர் இத்தனை முறை மாறியும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. பழக்கத்தின் வலிமை அத்தகையது போலும்!

அந்தக் கேடயத்தின் இறுதியாட்டத்தை அறிந்த உங்களுக்கு, ஒரு கண்டத்தின் கழகங்களெல்லாம் கலந்துகொண்ட போட்டியின் இறுதியாட்டம் ஒன்றைச் சொல்ல விழைகிறோம். அது 2016ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் கத்தார் நாட்டுத் தலைநகராகிய தோகாவில் நடந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2004இல் தொடங்கிய ஏ.எப்.சி. கோப்பைக்கான ஆட்டம் அது. ஆசியக் கழகங்களுக்குரிய போட்டிகளில் அது இரண்டாம் படியில் நின்றது. 2008இல் கோவாவின் டெம்போ கழகமும், 2013இல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகமும் அரையிறுதி வரை சென்று திரும்பின. இறுதியை எட்டிய முதல் இந்தியக் கழகம் பெங்களூர் எப்.சி. தான். 2024ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தோடு அக்கோப்பை முடிவுற்று வேறு பெயரில் வேறு போட்டி வந்துவிட்டமையால், அதன் இறுதியில் ஆடிய ஒரே இந்தியக் கழகம் என்ற பெயரும் அதற்கே நிலைத்துவிட்டது.

அந்தக் கழகம் பிறந்தது 2013இல். மூன்றே ஆண்டில் அது கண்டத்தின் இறுதிமேடை ஏறியது. அரையிறுதியில் எதிர்ப்பட்டது முந்திய ஆண்டின் சாம்பியனாகிய மலேசியாவின் ஜொகூர் அணி. குணாளன் என்னும் மலேசியத் தமிழரும் அந்நாளில் அந்த அணியைச் சேர்ந்தவர். ஆக, யார் வென்றாலும் நம்மவர் ஒருவர் வருந்தவேண்டிய ஆட்டம்! ஜொகூரில் 1-1 என்று முடிந்தது. அக்டோபர் 19இல் பெங்களூர்க் கண்டீரவ அரங்கில் நடந்த மறு ஆட்டத்தில் ஜொகூர் முதலில் கோல் அடித்தது. பின்னர் சுனில் சேத்ரி இரண்டும் ஸ்பெயின் நாட்டு யுவானன் ஒன்றும் அடிக்க, பெங்களூர் 3-1 என வென்றது.

இறுதியில் எதிரே நின்றது ஈராக்கின் விமானப்படைக் கழகம். 1931இல் தொடங்கிய பழங்கழகம். ஆனால் அதன் நிலையை எண்ணிப் பாருங்கள். நாட்டில் போரும் குண்டும் ஓயாமையால் பன்னாட்டு ஆட்டங்களைச் சொந்த மண்ணில் நடத்தும் உரிமை அதற்கு இல்லை. 'சொந்த ஊர் ஆட்டம்' என்று பட்டியலில் எழுதியிருக்கும். ஆடுவதோ அயல்நாட்டுத் தோகாவில். இறுதியாட்டமும் அவ்வாறே தோகாவில் அமைந்தது.

பெங்களூர் அணியோ? அதன் பட்டியலை நாம் ஒரு முறை படித்துப் பார்த்தோம். தலைவர் சேத்ரி செகந்தராபாத்தில் பிறந்தவர். லிங்டோ மேகாலயக் குன்றுகளைச் சேர்ந்தவர். வினீத் கண்ணூர்க்காரர், ரினோ ஆண்டோ திருச்சூர்க்காரர். ஜான் ஜான்சன் ஆங்கிலேயர். பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகா, பார்சிலோனாக் கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த ஸ்பானியர். பெங்களூர் என்று மார்பில் எழுதியவர்களுள் பெரும்பாலோர் பிற ஊரினர்! இரண்டு அணியும் வீடு விட்டு வந்தவை. ஆட்டத்தைக் கண்டவர்களுள்ளும் பிழைப்புத் தேடிக் கத்தார் சென்ற இந்தியர் பலர் இருந்தனர். அந்த இரவில் தோகா அரங்கம் ஒரு பெரிய லயம் போலவே இருந்திருக்கும் என்று எமக்குத் தோன்றுகிறது.

ஆட்டத்தைச் சொல்வோம். பெங்களூரின் முதல்நிலைக் கோல் காவலர் அம்ரிந்தர் சிங், எச்சரிக்கை அட்டைகளின் விளைவாக அன்று ஆட இயலவில்லை. மிசோரத்தைச் சேர்ந்த லால்துவம்மாவியா ரால்டே அவரிடத்தில் நின்றார். மாற்றுக் காவலனாக இருந்தவனை ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் நிறுத்துவது எளிய செயலன்று. ஈராக்கியர் உயரத்திலும் உடல்வலியிலும் மேம்பட்டவர், அலையலையாக வந்தனர். ரால்டே தடுத்துக்கொண்டே இருந்தார். முதற்பாதியில் கோல் இல்லை. எழுபதாம் நிமிடத்தையொட்டி ஹம்மாதி அகமது பந்தை வலைக்குள் செலுத்தினார். அந்தத் தொடரில் மட்டும் 16 கோல் அடித்தவர் அவர். ஒருமுறை அவரை விட்டாலும் போதும். பெங்களூர் 0-1 எனத் தோற்றது. அம்ரிந்தர் இருந்திருந்தால் என்று பேசுவோர் உண்டு. எமக்கு அது ஏற்புடையதன்று. ரால்டே இல்லையேல் தோல்வி அதற்கு முன்னரே முடிவாகியிருக்கும்.

இந்த ஆட்டத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 'எந்த அணி நம்முடையது?' என்று நம் பிள்ளைகள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பதை அறிவோம். ஒருவன் மஞ்சள் சட்டை அணிந்து கொச்சி என்கிறான். மற்றவன் நீலச் சட்டை அணிந்து சென்னை என்கிறான். இங்கே நம்மைப் பாண்டிக்காரர் என்கின்றனர். போடிமெட்டைக் கடந்து கீழே இறங்கினாலோ, மலையாளத்தார் என்கின்றனர். கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் உள்ள நம் உறவினர்க்கும் இதே கதைதான். மூன்று தலைமுறை கொழுந்து பறித்தாலும், வேலை முடிந்த நாளில் லயத்து அறையைத் திருப்பிக் கொடுக்கவேண்டியவர் நாம். ஊர் எது என்ற வினா நமக்கு விளையாட்டு வினா அன்று.

பெங்களூரிலே அல்சூரை அடுத்துக் கௌதமபுரம் என்று ஒரு பகுதி உண்டு. வெள்ளையர் பாளையத்தில் வேலைக்கு வந்த தமிழர் வழியினர் மிகுதியாக வாழும் இடம். அங்கே பிரேசில் நாட்டு பெலேக்குச் சிலை வைத்திருக்கின்றனர்! அந்நகரின் பாளையப் பகுதி கால்பந்தை மூச்சாகக் கொண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1962இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் அவ்வூர்க்காரரே. தமிழரா, கன்னடரா என்று அவர்களைக் கேட்டபின் பந்து வலைக்குள் போகவில்லை.

பெற்றோரிடத்து ஒரு சொல். வினீத் கேரளத்தில் மத்தியக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணியாற்றியவர். ஆட்டங்களுக்காகச் சென்றமையால் வருகை நாட்கள் குறைந்தன என்று 2017இல் அவர் பணிநீக்கம் செய்யப்பெற்றார். கண்டத்தின் இறுதியாட்டம் வரை சென்ற அணியின் வீரருக்கே இந்நிலை! பின்னர்க் கேரள அரசு அவருக்கு வேலை தந்தது. மஸ்டரில் பெயர் விழாத நாளுக்குக் கூலி இல்லை என்பதை அறிந்த தாய்மார்கள், 'பந்தை வைத்துவிட்டுப் படி' என்று மகனை அதட்டுவதில் தவறு காண எம்மால் இயலவில்லை. மகளையும் அவ்வாறே அதட்டுகிறீர்கள்; அவளுக்குப் பந்தையே கொடுத்ததில்லை என்பதை மட்டும் நினைவூட்டுவோம். பையனையாவது வாரத்தில் ஒரு மாலை நடுவரின் ஊதலுக்குக் கீழே முறையாக ஆட விடுங்கள். பெண்ணையும் உடன் அனுப்புங்கள். சங்கம் பந்தும் வலையும் வாங்கித் தர இசைந்திருக்கிறது. மைதானம் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.

ஈராக்கியர் கதையில் ஒரு மிச்சம் உண்டு. 2017இல் இறுதியாட்டம் தஜிகிஸ்தானில் நடந்தது. அங்கும் அவர்களே வென்றனர். 2018 மார்ச்சில் ஈராக்கின் மூன்று நகரங்களுக்கு இருந்த தடை நீங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், மூன்றாம் முறையாக அவர்கள் இறுதிக்கு வந்தபோது, ஆட்டம் ஈராக்கின் பாஸ்ரா நகரில் நடந்தது. துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசிர் கழகத்தை 2-0 என வென்று, தம் மக்கள் நடுவே, தம் மண்ணில் நின்று கோப்பையைத் தூக்கினர்.

பந்தாட்டத்தில் வென்ற சிறுவர்கள் பரிசுக்காகக் காத்து நிற்கின்றனர். தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.