தராசு யார் கையில்?



தராசின் அருமையைத் தோட்ட மக்களாகிய நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாளெல்லாம் மலையேறிப் பறித்த கொழுந்து தராசுக்கு வரும்போதுதான் அன்றைய தினம் முழுப்பேரா அரைப்பேரா என்பது முடிவாகின்றது. நிறுப்பவரே கூலியும் கொடுப்பவராக இருப்பின், நிறுவையில் ஐயம் எழுவது இயல்பே. இந்த நியாயத்தையே நம் பிரதேச சபைகளுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நாம் வந்த வழியைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் சட்டம் நம் மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அதனை முற்றாக மீட்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருந்தோம். வாக்குரிமை பெற்ற பின்னரும் சபையின் சேவை நம் வாசலுக்கு வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. பாதையைக் கேட்டால் "தோட்டத்தைக் கேளுங்கள்" என்றது சபை. குடிநீரைக் கேட்டால் "சபையைக் கேளுங்கள்" என்றது தோட்டம். இரண்டுக்கும் நடுவே லயத்து மக்கள் அலைந்தனர்.

2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா, அம்பகமுவ என்னும் பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகள் தோன்றின. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின், ஈராண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இன்றியே சபைகள் இயங்கின. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடந்தது. இன்று சட்டமும் உண்டு; சபையும் உண்டு. சேவை உண்டா?

இவ்வினாவுக்கு விடை சொல்பவர் யார்? சபை தன் முன்னேற்ற அறிக்கையைத் தானே எழுதுகின்றது. கணக்காய்வாளர் நாயகம் சபையின் கணக்குகளை ஆராய்கின்றார். அது இன்றியமையாத பணி. ஆயினும் குழாய் பதிக்கச் செலவான ரூபாய்க்குப் பற்றுச்சீட்டு உண்டா என்பது வேறு. அக்குழாயில் நீர் வருகின்றதா என்பது வேறு. பின்னதை அறிந்தவள் குடத்துடன் நிற்கும் லயத்துப் பெண்ணே.

பெங்களூரில் இதற்கு ஒரு வழி கண்டனர். 1994ஆம் ஆண்டில் சாமுவேல் பால் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நகர மக்களையே நேரில் வினவி, நீர், மின்சாரம், குப்பை அகற்றல் முதலான சேவைகளுக்கு மதிப்பெண் அட்டை தயாரித்தனர். அம்மதிப்பெண்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. தொடக்கத்தில் பல துறைகள் அசையவில்லை. 1999, 2003 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் அளந்தபோது சேவைகள் சீர்பட்டிருந்தமை தெரிந்தது. ஒருமுறை அளந்து ஓயாமல், மீண்டும் மீண்டும் அளந்ததே அம்முயற்சியின் வலிமை.

நம் மலைநாட்டுக்கும் அத்தகைய அளவை வேண்டும். சபையோ, கட்சியோ, தொழிற்சங்கமோ, தோட்ட நிர்வாகமோ அதனை நடத்தலாகாது. பல்கலைக்கழகத்தாரும் ஆசிரியரும் போன்ற வெளியார் நடத்த வேண்டும். நகரம், கிராமம், தோட்டப் பிரிவு என வெவ்வேறாக அளக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து சராசரி கண்டால், அட்டன் கடைவீதியின் தெருவிளக்கு லயத்தின் இருளை மறைத்துவிடும். நகரத்துத் தார்ப்பாதை, மரக்கறி மூட்டை சுமக்கும் விவசாயியின் சேற்றுப்பாதையை மறைத்துவிடும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். இதற்கு வேண்டிய ஆவணங்களைக் கேட்டுப் பெற, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கும்.

"சபையிடம் பணமில்லை, அளந்து என்ன பயன்?" என்பார் உளர். பணமில்லையா, மனமில்லையா என்பதை அளந்தாலன்றி அறிவது எங்ஙனம்? பணமில்லை என்று தெரிந்தால், அந்த ஆதாரத்துடன் சபையும் நாமும் ஒன்றாகக் கொழும்பின் கதவைத் தட்டலாம்.

இறுதியாக ஒன்று. இச்சபைகளில் அமர்ந்திருப்போர் பலர் நம்மவரே. நம் லயங்களில் பிறந்தவரே. அதற்காக அளவுகோலை வளைப்போமாயின், நூறாண்டுகளுக்கு மேலாகப் பிறர் செய்ததையே நாமும் நம் மக்களுக்குச் செய்தவர்களாவோம். கொழுந்துக்கு நேர்மையான தராசு கேட்ட நாம், நம் சபைக்கும் அதனையே கேட்போம்!