பழைய பாட்டும் புதிய தாளமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

புலவர்களும் பட்டதாரிகளும் நின்று பேசிய மேடை இது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் என்னை இங்கே நிறுத்தியது செயலாளர் அவர்களின் துணிவேயன்றி என் தகுதியன்று. அதிலும், நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் சிலருக்கு நகைப்புத் தோன்றும். ‘ஹிப் ஹாப்’ என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த அமெரிக்க இசையில் பழைய பாடல்களிலிருந்து துண்டு துண்டாய் எடுத்துக் கையாளும் வழக்கத்தைப் பற்றியே பேசப்போகிறேன்.

அதற்குக் காரணம் உண்டு. வரும் ஆண்டு விழாவுக்கென நம் காலனிப் பிள்ளைகள் ஐவர் கணிப்பொறியில் ஒரு பாட்டு அமைத்திருக்கிறார்கள். அவருள் என் மகனும் ஒருவன். அப்பாட்டின் அடியில் ஓயாது ஒலிப்பது ஒரு மிருதங்கத் தாளம். நம் சங்க மேடையில் 30 ஆண்டுகள் வாசித்து மறைந்த பெரியவரின் கை அது. பழைய ஒலிநாடா ஒன்றிலிருந்து 4 விநாடிகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஒத்திகையில் கேட்டவர்களில் சிலர், “இது திருட்டு, மேடையேற்றலாகாது” என்றார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அவ்வாறு சொன்னவன் நானே. “பிறர் உழைப்பை எடுத்து வைத்துக்கொள்வது என்ன கலை?” என்று மகனைக் கடிந்துகொண்டேன். அவன் கோபிக்கவில்லை. “இது எங்கே, எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு பிறகு சொல்லுங்கள், அப்பா” என்றான். இரண்டு மாதங்கள் படித்தும் கேட்டும் பார்த்தேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

நியூயார்க் மாநகரின் வடபகுதிக்குப் பிராங்க்ஸ் என்று பெயர். 1970-களில் அப்பகுதி சீர்குலைந்து கிடந்தது. பெரிய நெடுஞ்சாலை ஒன்று குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போயிற்று. வசதியுள்ளோர் பலர் வெளியேறினர். வீடுகள் பல தீக்கிரையாயின. எஞ்சியோருள் பெரும்பாலோர் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் ஆவர். அங்கே செட்விக் அவென்யூவில் 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தில், 1973 ஆகஸ்டு 11 அன்று, ஒரு பெண் பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்குவதற்குப் பணம் சேர்க்க எண்ணி, கட்டணம் வாங்கி ஓர் ஆட்டக் கேளிக்கை நடத்தினாள். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் காம்பெல் என்னும் 18 வயது இளைஞர். ‘கூல் ஹெர்க்’ என்பது அவரது மேடைப் பெயர். அவர் அம்மண்ணில் பிறந்தவரல்லர். ஜமைக்காத் தீவிலிருந்து சிறுவனாய்க் குடிபெயர்ந்து வந்தவர். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நாம் இதைக் கருத்தில் கொள்வது நலம்.

நம் கச்சேரியில் பாட்டு நின்று தனி ஆவர்த்தனம் எழும்போது அவை நிமிர்ந்து உட்காருகிறதல்லவா? அமெரிக்க இசைத்தட்டுகளிலும் பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் ஒரு சிறு இடம் உண்டு. அதனைப் ‘பிரேக்’ என்பர். ஆடுவோர் அந்த இடத்துக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஆனால் அது சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆகவே ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பொறிகளில் வைத்தார். ஒன்றில் தாளம் முடியும் நேரத்தில் மற்றொன்றில் அதே தாளத்தைத் தொடங்கினார். சில விநாடிகள் பல நிமிடங்களாக நீண்டன. அந்தத் தாளத்தின்மேல் சந்தத்தோடு பேசும் வழக்கமும் பின்னர் வளர்ந்தது. வாத்தியம் வாங்க வகையற்ற பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்த பழைய தட்டே வாத்தியமாயிற்று.

1980-களில் ‘சாம்ப்ளர்’ எனும் பொறிகள் வந்தன. சாம்ப்ளிங் என்றால் மாதிரி எடுத்தல். தானிய மூட்டையில் ஊசியைச் செருகி ஒரு பிடி எடுத்துப் பார்ப்பதுண்டே, அதைப் போன்றது. 1987-இல் வெளிவந்த எஸ்.பி. 1200 என்ற பொறி ஏறத்தாழ 10 விநாடி ஒலியை மட்டுமே கொள்ளும். அதற்குள் அடக்குவதற்காக, 33 சுற்றில் ஓடவேண்டிய தட்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டனர். எந்தப் பழைய தட்டில் எந்த மூலையில் நல்ல ஓசை ஒளிந்திருக்கிறது என்று தூசி படிந்த கடைகளில் மணிக்கணக்காகத் தேடினர். கையிலகப்பட்ட ஒலியை நறுக்கி, வரிசை மாற்றி, வேறொன்றோடு இணைத்துப் புதுமுகம் கொடுத்தனர். இதைச் சோம்பேறியின் தொழில் என்று இனி என் நாக் கூறாது. மறந்துபோன பாட்டை மறுபடியும் காதுக்குக் கொண்டுவரும் தொண்டும் அதில் இருக்கிறது.

அன்பர்களே, இதற்கு மறுபக்கமும் உண்டு. என் நெஞ்சைத் தைத்தது அதுதான்.

1969-இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற குழுவினர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டனர். அதன் முன்பக்கப் பாட்டு கிராமி விருது பெற்றது. பின்பக்கத்தில் ‘ஆமென் பிரதர்’ என்ற இசையைப் பதித்தனர். அதன் நடுவில் கிரெகரி கோல்மன் என்பவர் ஏறத்தாழ 7 விநாடி தனியாக டிரம்ஸ் வாசித்தார். அந்த 7 விநாடி பின்னாளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாயிற்று. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வந்ததில்லை. அவர் 2006-இல் வறுமையில், வீடற்றவராய் மாண்டார். குழுவின் தலைவர் ரிச்சர்டு ஸ்பென்சருக்கு 1996 வரையில் இச்செய்தியே தெரியாது. 2015-இல் பிரிட்டிஷ் இசையன்பர் இருவர் முயன்று, பொதுமக்களிடம் திரட்டிய 24,000 பவுண்டை ஸ்பென்சரிடம் சேர்த்தனர். அதனைக் காணக் கோல்மன் இல்லை. உலகம் அவர் கைக்கு ஆடிற்று. அவர் பெயரை அறியவில்லை.

வழக்குமன்றமும் தலையிட்டது. பிஸ் மார்க்கி என்ற கலைஞர், கில்பர்ட் ஓ’சல்லிவனின் 1972-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்து இசையெடுக்க அனுமதி கேட்டும் கிடைக்காத நிலையில், அதை எடுத்தாண்டு தட்டை வெளியிட்டுவிட்டார். 1991-இல் நியூயார்க் நீதிபதி, களவு செய்யாதே என்ற விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்அனுமதியும் பணமும் வேண்டியதாயிற்று. உரியவருக்கு இது நன்மையே. ஆயினும் பணமில்லாத பிள்ளைகளுக்குக் கதவு பாதி அடைபட்டது என்பதையும் மறைக்கலாகாது.

நம் நாட்டுப் பாட்டும் இக்கடலில் கலந்திருக்கிறது. ‘ஜோதி’ என்ற 1981-ஆம் ஆண்டு இந்திப் படத்துக்கு பப்பி லாஹிரி இசையமைத்து லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு, 2002-இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் பாட்டில் ஒலித்தது. லாஹிரி வழக்காடினார். அவர் பெயரைக் குறிப்பிடாமல் அத்தட்டை விற்கலாகாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் தடை விதித்தது. ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்துக்கு 1985-இல் இளையராஜா அமைத்த இசையும் 2003-இல் பிளாக் ஐட் பீஸ் குழுவினரின் தட்டில் இடம்பெற்றது. நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதற்கு 2012-இல் செய்த திருத்தம், பாட்டை இயற்றியவருக்கு மட்டுமின்றி, வாசித்த கலைஞருக்கும் தம் பெயரைக் கோரும் உரிமையை வழங்கியிருக்கிறது.

சட்டம் நேற்று வந்தது. நம் மரபோ பழையது. மணிமேகலை பாடிய சாத்தனார், திருக்குறள் ஒன்றைத் தம் காப்பியத்தில் அப்படியே எடுத்து வைத்தார். வைத்தவர், அதைச் சொன்னவர் பொய்யில்லாத புலவர் என்று அங்கேயே போற்றியும் வைத்தார். எடுத்ததால் சாத்தனார் சிறுமையுறவில்லை. எடுக்கப்பட்டதால் வள்ளுவர் குறையவில்லை. எடுப்பவர் கைக்கொள்ள வேண்டிய முறையை அதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

என் அலுவலகத்துக்கு நாள்தோறும் மூட்டைகள் வருகின்றன. முகவரிச் சீட்டுக் கிழிந்துபோன மூட்டையும் வரும். உள்ளே இருக்கும் சரக்கில் குறையிராது. அனுப்பியவர் இன்னார், பெறுபவர் இன்னார் என்பது மட்டும் தெரியாது. காலக்கெடு கழிந்தால் அது ஏலத்துக்குப் போகும். கோல்மனின் தாளத்துக்கு நேர்ந்தது அதுவே.

இனி நம் கதைக்கு வருகிறேன். “இத்தாளம் யாருடையது?” என்று பிள்ளைகளைக் கேட்டேன். “மிருதங்கத் தாத்தாவுடையது” என்றார்கள். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் உடனே நினைவுக்கு வரவில்லை. வெட்கத்தோடு நம் சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டினேன். பாடியவர் பெயர் இருந்தது. தலைமை தாங்கியவர் பெயர் இருந்தது. மாலை வாங்கிக் கொடுத்தவர் பெயரும் இருந்தது. அவர் வாசித்த இடங்களில், “பக்கவாத்தியம்: உள்ளூர் அன்பர்” என்றே அச்சிட்டிருந்தது. 30 ஆண்டுகள், உள்ளூர் அன்பர்! பிள்ளைகளைத் திருடர் என்ற நாம் அந்த 30 ஆண்டுகளுக்கு என்ன விடை சொல்வோம்?

நேற்று மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் துணைவியார் இல்லம் சென்றேன். பாட்டைப் போட்டோம். அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இது அவர் கைதான். மறுபடியும் போடு, தம்பி” என்றார்கள். இரண்டாம் முறை கேட்டபின், “மேடையிலே அவர் பேரைச் சொல்லுவீர்களா?” என்று வினவினார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த அம்மையார் இன்று நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆதலின் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளின் பாட்டு மேடையேறட்டும். அதற்கு முன்பாக, அந்தப் பழைய ஒலிநாடாவின் தனி ஆவர்த்தனம் முழுவதையும் அவையோர் கேட்கட்டும். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் பிள்ளைகள் பெயருக்கு மேலே அச்சாகட்டும். அப்பெயரை நான் இப்போது சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லவேண்டிய கடன் அவர் தாளத்தை எடுத்தவர்களுடையது. விழா நாளில் அவர்கள் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!