பழைய அமெரிக்க நாற்றுமேடைகள் தந்த இரு மரங்கள்



காட்டை வெட்டி வயலாக்கப் புறப்பட்டவனிடம் மரக்கன்று விற்க முடியுமா? 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கீழைக்கரையிற் குடியேறியிருந்த உழவருக்கு மரம் என்பது முதலில் ஒரு தடையே. அதனைச் சாய்த்து, வேரைக் கல்லியெறிந்த பின்னரே அங்கு தானியம் விளையும். அத்தகைய நாட்டில், அழகின்பொருட்டு மரங்களையும் பூஞ்செடிகளையும் வளர்த்து விற்கும் தொழில் எவ்வாறு தோன்றியது, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பன பற்றி இன்று சில கூற விழைகிறேன்.

நியூயோர்க்கை அடுத்த லோங் தீவில், பிளஷிங் என்னும் ஊரில், ஏறத்தாழ 1737ஆம் ஆண்டில் ரொபேட் பிரின்ஸ் என்பவர் ஒரு நாற்றுமேடையைத் தொடங்கினார். அக்குடும்பத்தார் 1771இல் அச்சிட்ட பட்டியலிலே பெரும்பாலும் பழமரங்களே இடம்பெற்றன. கனி தரும் மரத்துக்குக் காசு கொடுக்க மக்கள் முன்வந்தனர். பூவை மட்டும் தரும் மரத்துக்கு உள்ளூரில் வாங்குவோர் அரியர். அழகு மரங்களுக்குரிய சந்தை அக்காலத்தில் கடலுக்கு அப்பால், இங்கிலாந்திலே இருந்தது.

அச்சந்தையை நன்கு பயன்படுத்தியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் பார்ட்ரம். குவேக்கர் சமயப் பிரிவினரான இவர் ஓர் உழவர். 1728இல் சுயில்கில் ஆற்றங்கரையில் நிலம் வாங்கி, வயலோடு ஒரு தோட்டத்தையும் அமைத்தார். இலண்டனில் துணி வாணிகம் செய்த பீற்றர் கொலின்சன் என்பார் இவருடைய நண்பரானார். பார்ட்ரம் காடுகளிலே திரிந்து விதை சேகரித்துப் பெட்டிகளில் அனுப்புவார்; கொலின்சன் அவற்றைப் பிரபுக்களுக்கும் தோட்டக்காரருக்கும் சேர்ப்பிப்பார். ஏறக்குறைய 100 வகை விதைகள் கொண்ட ஒரு பெட்டியின் விலை 5 கினி. மக்னோலியா, மேப்பிள், நம் ஹோட்டன் சமவெளியில் செந்நிறமாகப் பூக்கும் ரொடோடென்ட்ரனின் அமெரிக்க உறவுகள் ஆகியன இவ்வாறே ஆங்கிலத் தோட்டங்களை அடைந்தன. கடல் ஈரத்தால் விதை கெடுவதும், போர்க்காலத்திற் கப்பலே பகைவர் கைப்படுவதும் உண்டு. ஆயினும் வாணிகம் நிற்கவில்லை. 1765இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் பார்ட்ரத்துக்கு ஆண்டுக்கு 50 பவுண் மானியம் வழங்கினார்.

அவ்வாண்டிலேயே பார்ட்ரமும் அவர் மைந்தர் வில்லியமும் தென்திசைப் பயணம் மேற்கொண்டனர். ஜோர்ஜியாவில், அல்ற்றமஹா ஆற்றின் அருகே, முன்பின் அறியாத ஒரு சிறுமரத்தைக் கண்டனர். சில ஆண்டுகளின் பின் வில்லியம் மீண்டும் அங்கு சென்று, அதன் விதைகளைப் பிலடெல்பியாத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தில் மட்டுமே அது வளர்ந்திருந்ததாகவும், வேறெங்கும் அதனைத் தாம் கண்டதில்லை என்றும் அவர் பின்னர் எழுதினார். குடும்ப நண்பரான பெஞ்சமின் பிராங்கிளினின் பெயரால் அது பிராங்கிளினியா எனப் பெயர் பெற்றது. நேயர்களே, இம்மரம் நமது மலைநாட்டுத் தேயிலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தேயிலைப் பூவைப் போன்றே வெண்ணிற இதழும் நடுவே மஞ்சள் மகரந்தக் கேசரங்களும் உடையது. ஆனால் பூ அதனினும் பன்மடங்கு பெரியது. கோடை முடியும் காலத்தில் அது பூக்கத் தொடங்கும். பூ உள்ளபோதே இலை செந்நிறம் பெறுவதும் உண்டு.

1783இல், சுதந்திரப் போர் முடிந்த வேளையில், பார்ட்ரத்தின் மைந்தர் தம்மிடமிருந்த 200க்கும் மேற்பட்ட தாவரங்களின் பெயர்களை ஒரே தாளில் அச்சிட்டனர். உள்நாட்டிலும் வாங்குவோர் தோன்றினர். ஜோர்ஜ் வாஷிங்டன் 1787இல் அத்தோட்டத்தைப் பார்த்தார். அரிய செடிகள் பல இருப்பினும் அமைப்பிலே நயம் போதாது எனத் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஆயினும் 1792இல் தமது மவுண்ட் வேர்ணன் இல்லத்துக்கு அங்கிருந்தே மரஞ்செடிகளைத் தருவித்தார். 

இதனிடையே ஜோர்ஜியாக் காட்டில் பிராங்கிளினியா அருகி வந்தது. 1803ஆம் ஆண்டின் பின் அதனை இயற்கை நிலையில் எவரும் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. மண்ணிலிருந்து பரவிய நோய், வெள்ளம், தீ எனக் காரணங்கள் பலவாறு கூறப்படும். செடி சேகரித்தோரின் கைகளையும் சிலர் ஐயுறுவர். இன்று உலகில் வாழும் பிராங்கிளினியா மரங்கள் அனைத்தும் பார்ட்ரம் தோட்டத்தின் வழிவந்தவை என்பர். காடு இழந்ததை ஒரு வியாபாரத் தோட்டம் காத்தது.

இவ்வளவில் நிறுத்தினால் நாற்றுமேடைக்காரரின் புகழ்மாலையாக இது முடிந்துவிடும். மற்றொரு மரத்தின் கதையையும் கேட்க வேண்டும்.

சீன நாட்டு மரமான அயிலாந்தசுவை 1784இல் பிலடெல்பியாச் செல்வர் வில்லியம் ஹமில்டன் தமது தோட்டத்திற் கொணர்ந்து நட்டார். ஏறத்தாழ 1820இல் பிளஷிங் பிரின்ஸ் நாற்றுமேடையிலும் அது இடம்பெற்றது. விரைந்து வளரும், நகரத்துப் புகையையும் புழுதியையும் தாங்கும், பூச்சி அணுகாது என்று அதன் பெருமை பரவியது. நகர வீதிகளில் நிழலுக்காக அதனை நட்டனர். பின்னரே ஆண் மரப் பூவின் துர்நாற்றம் மக்களை முகஞ்சுளிக்கச் செய்தது. வெட்டினால் வேரிலிருந்து பல கன்றுகள் எழுந்தன. காற்றிற் பறக்கும் விதைகளை ஒரு பெண் மரமே ஆண்டுக்கு இலட்சக்கணக்கிற் பரப்பியது. 1841இல் தமது நூலிலே இம்மரத்தைப் பாராட்டிய தோட்டக்கலைஞர் அன்ட்ரூ ஜாக்சன் டவுனிங், 1852இல் அதனை ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் மரம் தோட்டத்தைக் கடந்துவிட்டது. 2014இல் ஆசியாவிலிருந்து வந்த புள்ளியுடைய பூச்சியொன்று பென்சில்வேனியா மாநிலத்திற் கண்டுபிடிக்கப்பட்டது. திராட்சைத் தோட்டங்களுக்குக் கேடு விளைக்கும் அப்பூச்சி மிக விரும்பும் மரம் இந்த அயிலாந்தசுவே. பூச்சி அணுகாது என்று புகழப்பட்ட மரத்தின் நிலை இது!

இரு மரங்களையும் பரப்பியது ஒரே தொழில்தான். வேறுபாடு எங்கே உள்ளது? பிராங்கிளினியா எந்த ஆற்றங்கரையில், எவ்வளவு நிலத்தில் நின்றது என்பதை வில்லியம் பார்ட்ரம் நேரிற் கண்டறிந்து எழுதிவைத்தார். அயிலாந்தசுவை வாங்கியோர் அதன் விரைவையும் வலிமையையும் மட்டுமே கேட்டறிந்தனர். எத்தடையுமின்றி வளரும் மரம், வேலிக்கு அப்பாலும் அவ்வாறே வளரும் என்பதை எவரும் எண்ணவில்லை.

பிரின்ஸ் குடும்பத்தாரின் நாற்றுமேடை மறைந்துவிட்டது. அவ்விடம் இன்று நியூயோர்க் மாநகரின் பகுதி. பார்ட்ரம் தோட்டம் 1891 முதல் பிலடெல்பியா நகரின் பொதுச் சொத்தாக விளங்குகின்றது. பிராங்கிளினியா அங்கு இன்றும் பூக்கின்றது. புதிய பூஞ்செடியொன்றை விலைக்கு வாங்கும்போது நிறத்தையும் மணத்தையும் கேட்கிறோம். அது எந்நிலத்துக்கு உரியது, அதன் விதை எவ்வாறு பரவும், வேண்டாமெனின் அகற்ற இயலுமா என்பவற்றையும் சேர்த்துக் கேட்பது நன்று. விற்பவரும் அதற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும்.