வாதிடக் கற்கும் பிள்ளைகள்: மாதிரி நீதிமன்றப் போட்டிகளும் புலம்பெயர் இளையோரும்

(யேர்மனியில் வாழும் தமிழ்ப் பெற்றோர், இளையோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற காட்சியைத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். மேடை நாடகங்கள் அவளது கண்ணீரையும் சினத்தையுமே பெரிதாகக் காட்டுகின்றன. ஆனால் அவ்வழக்கை வென்றது கண்ணீர் அன்று, சான்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் உரைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னனே ஒப்புக்கொண்டான். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, மன்னன் தன் தவற்றை உணர்ந்தான். அயலூரிலிருந்து வந்த, துணையற்ற ஒரு பெண் தன் துயரத்தை நிறுவிக் காட்டத்தக்க உண்மையாக மாற்றினாள். இன்று புலம்பெயர் மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய திறனும் அதுவே. அத்திறனைப் பயிற்றுவிக்கும் களங்களுள் ஒன்றுதான் மாதிரி நீதிமன்றப் போட்டி.

கோவில் திருவிழாக்களிலும் கம்பன் விழாக்களிலும் நடைபெறும் வழக்காடு மன்றத்தைப் பெற்றோர் பலர் கேட்டு மகிழ்ந்திருப்பர். கைகேயி குற்றவாளியா, வாலியை மறைந்து கொன்றது அறமா என்று அங்கே வாதிடுவர். மாதிரி நீதிமன்றம் அதற்கு உறவானது; எனினும் வேறுபாடு உண்டு. இங்கே கைதட்டலுக்கு இடமில்லை. ஒரு வழக்கின் விபரங்களும் அதற்குரிய சட்டங்களும் மாணவரிடம் முன்கூட்டியே கையளிக்கப்படும். அவர்கள் அவற்றைப் படித்து, தம் வாதத்தை எழுத்தில் அமைத்து, பின்னர் நடுவர் முன் நின்று உரைக்க வேண்டும். நடுவர் இடைமறித்து வினாத் தொடுப்பார். மனப்பாடம் செய்த பேச்சு முதல் வினாவிலேயே உடைந்துவிடும். 1960இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜெசப் பன்னாட்டுச் சட்டப் போட்டியில், ஒரே அணி ஒருமுறை வழக்குத் தொடுக்கும் நாட்டுக்காகவும் மறுமுறை எதிர்த் தரப்புக்காகவும் வாதிட வேண்டும். அது பல்கலைக்கழக மாணவர்க்குரியது. ஆயினும் இப்பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பேர்லினில் இயங்கும் கிறைசாவ் முன்முயற்சி என்னும் அமைப்பு, உயர்வகுப்பு மாணவர்க்காக மாதிரிப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் என்ற நிகழ்வை 2005ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகின்றது. பல நாடுகளிலிருந்து வரும் மாணவர்கள் வழக்குத் தொடுநராகவும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளாகவும், நீதிபதிகளாகவும், செய்தியாளராகவும் பொறுப்பேற்று, உண்மையில் நடந்த வழக்குகளைத் தழுவி வாதிடுகின்றனர்.

இந்நிகழ்வின் தாயகமான கிறைசாவ், இன்று போலந்தில் குஷிசோவா என்ற பெயருடன் விளங்கும் சிற்றூர். அது ஹெல்முட் யேம்ஸ் பொன் மோல்ட்கே என்ற சட்ட அறிஞரின் சொந்த ஊர். இட்லர் ஆட்சிக்குப் பிந்திய யேர்மனி எவ்வாறு அமைய வேண்டும் என்று நண்பர்களுடன் அவர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அங்கேதான் கலந்தாய்ந்தார். அதற்காக மக்கள் நீதிமன்றம் என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, 1945 சனவரி 23 அன்று தூக்கிலிடப்பட்டார். அங்கே நீதிபதி இருந்தார், மேலங்கி இருந்தது, தீர்ப்பும் இருந்தது. மறுதரப்பைக் கேட்கும் மனம் மட்டும் இருக்கவில்லை. அத்தகைய ஒருவரின் ஊரில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பெழுதப் பழகுவது பொருள் நிறைந்த செயலாகும்.

இத்தகைய அரங்கிற்கு ஏற்ற வழக்கு ஒன்றைப் பாருங்கள். 1995 யூலையில், சிறெபிரெனிற்சா படுகொலையின்போது, டிராசென் எர்டெமோவிச் என்ற இளம் படைவீரர் கைதிகளைச் சுட்டுக் கொன்றவர்களுள் ஒருவராக இருந்தார். மறுத்தால் தன்னையும் அவர்களோடு நிறுத்திச் சுட்டுவிடுவர் என்று அச்சுறுத்தப்பட்டதாக அவர் கேக் நகரிலிருந்த யூகோஸ்லாவியத் தீர்ப்பாயத்தில் கூறினார்; குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். 1996இல் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உயிர் அச்சத்தால் செய்தது என்பது இத்தகைய கொலைகளுக்கு முழுமையான விடுவிப்பைத் தராது என 1997இல் மேன்முறையீட்டு மன்றம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. ஆயினும் அவ்வச்சம் தண்டனையைக் குறைக்கும் காரணமாகக் கொள்ளப்பட்டு, 1998இல் தண்டனை ஐந்தாண்டாகக் குறைந்தது. உலகின் தேர்ந்த நீதிபதிகளே ஒருமித்து முடிவெடுக்க இயலாத வினா இது. இதில் கொல்லப்பட்டோருக்காகப் பேசும் மாணவரும் பயில்கின்றார். எர்டெமோவிச்சுக்காகப் பேசும் மாணவர் அதனினும் மிகுதியாகப் பயில்கின்றார். தனக்கு ஒவ்வாத தரப்பின் வலுவான வாதத்தை அறியாதவரால் தன் தரப்பைக் காக்க இயலாது.

யேர்மனியப் பாடசாலைகளிலேயே இதற்கு நெருங்கிய வாய்ப்பு ஒன்று உண்டு. பிராங்போர்ட்டில் 2001இல் அரும்பி, அந்நாள் அதிபர் யொகானஸ் றாவ் அவர்களின் முன்முயற்சியால் நாடெங்கும் பரவிய 'யூகென்ட் டெபட்டியேர்ட்' என்ற இளையோர் விவாதப் போட்டியே அது. நால்வர் கொண்ட விவாதம் 24 நிமிடங்கள் நடைபெறும். யார் எத்தரப்பில் பேசுவது என்பது திருவுளச் சீட்டால் முடிவாகும். விடய அறிவு, மொழித்திறன், உரையாடும் பண்பு, ஏற்கவைக்கும் ஆற்றல் என்ற நான்கும் மதிப்பிடப்படும். மற்றவர் கூறியதைச் செவிமடுத்து அதற்கு விடையளித்தாரா என்பதற்கும் புள்ளி உண்டு என்பது கவனிக்கத்தக்கது.

இதன் பயன் போட்டி மேடையோடு நின்றுவிடுவதில்லை. இந்நாட்டுப் பாடசாலைகளில் வகுப்பில் வாய்திறந்து பங்களிப்பதற்கும் மதிப்பெண் உண்டு. வீட்டிலோ, பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லியே பிள்ளை வளர்க்கப்படுகின்றது. எழுத்துத் தேர்வில் முதன்மை பெறும் தமிழ்ப் பிள்ளை, வாய்மொழி மதிப்பெண்ணில் பின்தங்குவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று, பழக்கமே காரணம். பணிவோடு மறுத்துப் பேசுவது எப்படி என்பதை நீதிமன்ற ஒழுங்கு கற்பிக்கின்றது. நீதிபதியை மதித்து விளித்தபடியே அவர் கருத்தை மறுக்கலாம் என்று அறிந்த பிள்ளை, தந்தையிடமும் ஆசிரியரிடமும் அவ்வாறே பேசும்.

எல்லாப் பிள்ளைகளும் சட்டத்தரணி ஆக முடியுமா என்று சில பெற்றோர் வினவுவர். ஆக வேண்டியதில்லை. நோயின் காரணத்தை ஆராயும் மருத்துவருக்கும், இயந்திரத்தின் பழுதைத் தேடும் பொறியியலாளருக்கும், தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்தறியும் பயிற்சி வேண்டும்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. பல தமிழ் வீடுகளில் போரின் நினைவுகள் இரவு உணவு மேசையில் சொல்லப்படுகின்றன. பிள்ளை கேட்கின்றது, கலங்குகின்றது, மறுநாள் யேர்மனிய நண்பனிடம் சொல்கின்றது. எப்போது, எங்கே, யார் கண்டது என்று நண்பன் கேட்டால் விடை இருப்பதில்லை. கண்டவர் சொல்வதும் கேட்டவர் சொல்வதும் ஒன்றல்ல என்பதை வழக்காடப் பழகிய பிள்ளை அறியும். அது பெற்றோரிடம் திரும்பி வந்து, திகதியையும் இடத்தையும் கேட்டுக் குறித்து வைக்கும்.

அத்தகைய குறிப்புகளுக்கு வலிமை உண்டு. சிரியச் சிறையொன்றில் நடந்த வதைகளுக்காக, அந்நாட்டு முன்னாள் புலனாய்வு அதிகாரி ஒருவருக்கு 2022 சனவரி 13 அன்று ஆயுள் தண்டனை விதித்தது யேர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றமே. ஏதிலிகளாக வந்து சேர்ந்த சிரிய மக்கள் சாட்சிக் கூண்டில் நின்று உரைத்தவை அத்தீர்ப்புக்குத் துணைநின்றன.

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. பிள்ளையின் பாடசாலையில் விவாதப் போட்டி உண்டா என்று ஆசிரியரைக் கேளுங்கள். இந்நாட்டில் நீதிமன்ற விசாரணைகள், சிறுவர் வழக்குப் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. விடுமுறை நாளொன்றில் ஊர் நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். 1945, 1946இல் நாட்சித் தலைவர்கள் விசாரிக்கப்பட்ட நூரன்பேர்க்கின் 600ஆம் இலக்க மண்டபத்தைக் காட்டுங்கள். தமிழ்ப் பாடசாலைகளும் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கலாம்: விசாரணையின்றித் தண்டித்த பாண்டியன் மீது ஓர் அணி வழக்குத் தொடுக்கட்டும், பொற்கொல்லன் சொல்லை நம்பியது பிழையன்று என்று மறு அணி வாதிடட்டும். தமிழும் வளரும், சிந்தனையும் வளரும்.

இளையோர்களே! உங்களிடம் மூன்று மொழிகள் உள்ளன. இரண்டு உலகங்களின் அனுபவம் உள்ளது. உரத்துப் பேசுவோர் பலர் உளர். சான்றுடன் பேசுவோரையே மன்றங்கள் செவிமடுக்கும். அவ்வரிசையில் உங்கள் பெயர்களும் இடம்பெறட்டும்.