ஊசி இலவசம், ஊசி போடப் போகும் வழி?

(பத்துமலையில் ஆற்றிய உரை)



2021ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று இந்த மலையடிக்கு ரதம் வந்தது, காவடிகள் வரவில்லை. கொரோனா ஏழைக்கும் பணக்காரனுக்கும் பொது என்றார்கள். நோய் பொதுதான். அதிலிருந்து தப்பும் வழி பொதுவாக இருந்ததா?

பழைய கதையைப் பாருங்கள். 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது அங்கே மலேரியா தலைவிரித்து ஆடியது. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நகரத்தில் காய்ச்சல் தணிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலோ, காட்டை அழித்ததும் வெயில் பட்ட ஓடைகளில் வேறுவகைக் கொசு பெருகிற்று. நிலத்தடிக் குழாய் பதித்தும் எண்ணெய் தெளித்தும் அதையும் ஒடுக்கலாம் என்று கண்டார்கள். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். முதலாளி செலவழித்த தோட்டத்தில் தொழிலாளி பிழைத்தான். செலவழிக்காத தோட்டத்தில் மடிந்தான். மருந்து தெரியாததால் அல்ல, மனம் இல்லாததால்!

அந்தக் கதை முடிந்துவிட்டதா? 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில், உலகத்தைக் காக்கக் கையுறை செய்த தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் கொரோனா தொற்றியது. நெருக்கியடித்துப் படுத்த விடுதியில் எட்டி நிற்க இடம் ஏது?

பிறகு தடுப்பூசி வந்தது. ஆவணமில்லாதவருக்கும் இலவசம் என்று 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது, நல்ல அறிவிப்பு. அதே ஆண்டு ஜூனில் சைபர்ஜெயாவில் ஆவணமில்லாதவர்களைப் பிடித்துச் சென்றார்கள். பிடிபடுவோம் என்று அஞ்சுகிறவன் ஊசி போடும் இடத்துக்கு வருவானா? பதிவு செய்வதற்கோ கைத்தொலைபேசிச் செயலி. பெரட்டுக்குப் போய், பால் எடுத்துத் திரும்பும் பாட்டிக்கு அது எட்டுமா? ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் நாட்கூலி போய்விடுமே என்று தயங்கியவனை அறிவிலி என்பது நியாயமா?

ஒருவரை விட்டுவிட்டால் நோய் அவரோடு நிற்காது. 1992க்குப் பிறகு ஒழிந்திருந்த இளம்பிள்ளைவாதம் 2019 டிசம்பரில் சபாவில் மீண்டும் தலைகாட்டியதே!

ஆகவே நம் கோரிக்கை இதுதான். தடுப்பூசி வேலைத்தலத்துக்கே வரவேண்டும். ஊசி போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். ஊசி போட வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்டு மிரட்டக் கூடாது. குடியிருப்பில் காற்றும் நல்ல தண்ணீரும் வேண்டும்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளுக்குப் போடவேண்டிய ஊசிகளைத் தவறாமல் போடுங்கள். அது உங்கள் கடமை. அதற்கு வழி திறந்து வைப்பது அரசின் கடமை, முதலாளியின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது சங்கத்தின் கடமை.