ஒரு பொத்தானும் ஒரு குழந்தையும்



வெள்ளிவிழா மேடையில் பட்டம் பெற்றோரைப் பாராட்டுவது மரபு. நானோ பள்ளிக்கே அனுப்பப்படாத ஒரு குழந்தையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தீண்டாமையின் பெயரால் நம் முன்னோர் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இன்றோ மூளை முடக்குவாதமுற்ற நம் குழந்தையை நாமே வீட்டுக்குள் இருத்திவிடுகிறோம். பெற்றோர் கூலிவேலைக்குச் சென்றபின், பாட்டியின் காவலில் அது பாயிலேயே கிடக்கிறது. “இதற்கு என்ன புரியும்?” என்கிறோம். பேச இயலாமை அறிவின்மை ஆகாது.

விரல் பென்சிலைப் பற்றாது. நாவில் சொல் எழாது. ஆயினும் தலையையோ முழங்காலையோ விரும்பியபடி அசைக்க இயலுமானால், அவ்விடத்தில் ஸ்விட்ச் எனப்படும் பெரிய பொத்தான் ஒன்றைப் பொருத்திக் கணினியுடன் இணைக்கலாம். முதற்பாடம் எளிது: அழுத்தினால் பறை முழங்கும். (நம் பிள்ளைக்கு வேறெந்த ஒலி வேண்டும்?) தன் செயலால் ஒன்று நிகழ்ந்தது என்பதைக் குழந்தை அங்கே அறிகிறது. பின்னர்ச் சோறு, தண்ணீர், அம்மா எனப் படங்கள் ஒவ்வொன்றாய் ஒளிரும். வேண்டிய படம் ஒளிரும்போது அழுத்தினால், கணினி அச்சொல்லை உரக்கச் சொல்லும். படங்கள் இருந்த இடத்தில் எழுத்துக்களை வைத்தால் எழுதவும் கற்கலாம். ஒளி நகரும் வேகத்தைக் குழந்தைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்; கற்பிப்பவரின் பொறுமையைத்தான் கூட்ட வேண்டியுள்ளது.

இது மேல்நாட்டுக் கதையன்று. சென்னையில் 1985இல் தொடங்கப்பெற்ற வித்யாசாகர் நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்குக் கல்வி தந்து வருகிறது. அதன் துணையோடு, 2010ஆம் ஆண்டளவில், அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் ‘ஆவாஸ்’ என்ற பேசும் கருவியை உருவாக்கினார்.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். இரு அட்டைகளில் அலுமினியத் தாளை ஒட்டி, நடுவே துளையிட்ட பஞ்சுத்துண்டை வையுங்கள். பழைய மௌஸின் இடப்பொத்தானிலிருந்து இரு கம்பிகளை இழுத்துத் தாளுக்கொன்றாய் இணையுங்கள். அழுத்தும்போது தாள்கள் துளை வழியே தொட்டுக்கொள்ளும். ஐ.டி.ஐ. பயின்ற நம் இளைஞருக்கு இது ஒரு மாலை வேலை. வீட்டு மின்சாரத்தோடு மட்டும் இணைத்தலாகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. அந்த 6 வயதுக்கு முன்பே பொத்தான் குழந்தையின் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஆத்தூர் வட்டாரத்தில் நம் சங்கத்துக்காக வீடுவீடாகச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். “பள்ளி செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று கேட்டால் இக்குழந்தையின் பெயர் வராது. “வீட்டில் எத்தனை குழந்தைகள்?” என்று கேளுங்கள்.